மூன்று கவர், ஒரே கை

பள்ளிக்கூடமோ, கூட்டுறவுச் சங்கமோ, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமோ, எங்கே போனாலும் கொள்முதல் விதியில் ஒரு வரி இருக்கும்: மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். அந்த வரியை நிறைவேற்றும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். தெரிந்த சப்ளையருக்குப் போன் போட்டு "மூணு கொட்டேஷனா குடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவர் தன் லெட்டர்பேடில் ஒன்று, மைத்துனர் கடை லெட்டர்பேடில் ஒன்று, பக்கத்துக் கடையில் சீல் வாங்கி இன்னொன்று என்று மூன்றையும் ஒரே கவரில் போட்டு அனுப்பிவிடுவார். கோப்பு சுத்தம். ஆடிட்டில் கேள்வி வராது. விலையை முடிவு செய்தவர் ஒரே ஆள் என்பது மட்டும் கோப்பில் எங்கும் இருக்காது.

சின்னக் கொள்முதலில் இதற்குப் பெயர் சப்போர்ட் கொட்டேஷன். பெரிய டெண்டரில் டம்மி. போட்டியாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால் ரிங், அல்லது சிண்டிகேட். பெயரும் தொகையும் மாறுகின்றன, செய்முறை மாறுவதில்லை. கீழே உள்ளது கவரைப் பிரிக்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்காக: கொள்முதல் பிரிவு எழுத்தர், டெண்டர் குழு உறுப்பினர், சங்கப் பொருளாளர்.

டம்மி எப்படித் தயாராகிறது

டம்மி போடுபவர் வேலைக்கான கணக்கைத் தானே போடுவதில்லை. வெற்றி பெற வேண்டியவரின் ரேட் பட்டியலை வாங்கி, எல்லா வரியையும் ஒரே எண்ணால் பெருக்கிவிடுகிறார். இதுதான் அவருடைய பலவீனம். எல்-1 (குறைந்த விலை போட்டவர்; அடுத்தவர் எல்-2, அவருக்கடுத்தவர் எல்-3) பட்டியலில் மூன்று ஐட்டங்களின் ரேட் 412, 86, 1,950 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்-2 பட்டியலில் அவை 432.60, 90.30, 2,047.50 என்று இருந்தால் மூன்றும் சரியாக 1.05 மடங்கு. மூன்று வரியில் இது தற்செயலாக இருக்கலாம். நாற்பது வரியிலும் இருந்தால், அந்தப் பட்டியலை எழுதியது எக்செல்.

உண்மையாகப் போட்டி போடும் இருவரின் ரேட் அப்படி வராது. ஒருவருக்கு சிமென்ட் மலிவாகக் கிடைக்கும், இன்னொருவரிடம் சொந்த லாரி இருக்கும், மூன்றாமவர் கம்பி கட்டும் ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பார். அதனால் மொத்தத்தில் தோற்பவர்கூடச் சில வரிகளில் எல்-1ஐ விடக் குறைவாகப் போட்டிருப்பார். ஆகவே ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் அடுக்கி நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எல்-2 ரேட்டை எல்-1 ரேட்டால் வகுத்து ஒரு நெடுவரிசை, எல்-3க்கு இன்னொரு நெடுவரிசை போடுங்கள். நாற்பது ஐட்டத்துக்குப் பத்து நிமிட வேலை. 0.91, 1.14, 1.02, 0.97 என்று ஏறி இறங்கினால் போட்டி நடந்திருக்கிறது. 1.05, 1.05, 1.05 என்றோ, பாதி வரை 1.04, அதன்பின் 1.06 என்றோ இருந்தால் அந்தக் கோப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விவரமானவர்கள் பெருக்கிய பிறகு ரேட்டை ஐந்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கிவிடுவார்கள். அப்போது சின்ன ரேட்டுகளில் விகிதம் கலைந்திருக்கும், ஆனால் பெரிய ரேட்டுகளில் அதே எண் அப்படியே நிற்கும். அதனால் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரேட்டுகளைத் தனியாகப் பாருங்கள்.

கணக்குப் பிழை இதைவிட நல்ல சாட்சி. 17-வது ஐட்டத்தில் அளவை ரேட்டால் பெருக்கியது தப்பு, அதே தப்பு இரண்டு பட்டியலிலும் இருக்கிறது என்றால், இரண்டு பேர் தனித்தனியாக அந்தத் தப்பைச் செய்ய வழியில்லை. இணையவழி டெண்டரில் பெருக்கலைத் தளமே செய்துவிடுவதால் இந்தச் சாட்சி அங்கே கிடைக்காது. ரேட் அனாலிசிஸ், அதாவது ஒவ்வொரு ரேட்டும் எப்படி வந்தது என்ற கணக்கு, கேட்டு வாங்கினால் அதில் கிடைக்கும்.

விலைகளின் இடைவெளி

அடுத்து எல்லா விலைகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு வேலைக்கு 82, 88, 91, 97, 104 லட்சம் என்று ஐந்து விலைகள் வந்தன. சராசரி 92.4 லட்சம், திட்ட விலக்கம் (விலைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சுமார் 7.5 லட்சம், அதாவது சராசரியில் 8 சதவீதம். இன்னொரு வேலைக்கு 101, 105, 105.5, 106, 106.5 லட்சம். சராசரி 104.8, விலக்கம் 2 லட்சத்துக்கும் கீழே, 2 சதவீதம்கூட இல்லை. இரண்டாவதில் தோற்ற நால்வரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஜெயித்தவர் மட்டும் நாலு லட்சம் தள்ளி நிற்கிறார். தோற்க வந்தவருக்கு இரண்டு கவலைகள். தப்பித்தவறி ஜெயித்துவிடக் கூடாது, அதே சமயம் சிரிப்பு வரும் அளவுக்கு விலை ஏறிவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான சந்தில்தான் எல்லோரும் போய் நிற்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில் 1999 முதல் 2005 வரை தார்ச்சாலை வேலைகளை ஒப்பந்தக்காரர்கள் கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டுகளின் விலைகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தபோது இதே வடிவம்தான் தெரிந்தது: நெருக்கமான விலைகள், முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் மட்டும் ஒரு பாதுகாப்பு இடைவெளி. ரிங் கலைந்தபின் விலை கிட்டத்தட்ட முப்பது சதவீதம் இறங்கியது.

ஆனால் இதை அப்படியே நம்மூருக்குத் தூக்கிவந்துவிட முடியாது. அங்கே விலையோடு தரம், அனுபவம் போன்றவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு ரூபாய் வித்தியாசம் வைத்தால் தரத்தில் மதிப்பெண் வாங்கி டம்மியே ஜெயித்துவிடக் கூடும், அதனால் இடைவெளி தேவைப்பட்டது. நம்மிடம் தகுதியைப் பார்க்கும் தொழில்நுட்பக் கவரில் தேறிய பிறகு பெரும்பாலும் விலை மட்டும்தான் என்பதால் நூறு ரூபாய் இடைவெளியே போதும். எனவே இங்கே இடைவெளியை விட, வேலைக்கு அலுவலகமே முன்கூட்டிப் போட்ட மதிப்பீட்டுத் தொகையோடு ஒப்பிடுவதுதான் அதிகம் பயன்படும். எத்தனை சதவீதக் கூடுதல் வரை கீழ்மட்டத்திலேயே ஏற்கலாம் என்று அலுவலகத்தில் ஒரு வரம்பு இருக்கும். அது ஐந்து சதவீதம் என்றால், எல்-1 விலை வருடக்கணக்காக 4.7, 4.9, 4.8 சதவீதம் கூடுதலாகவே வந்து நிற்பது தற்செயல் இல்லை. வரம்பு எங்கே என்று தெரிந்த ஒருவர் விலை போடுகிறார். அது ரிங்காகவும் இருக்கலாம், உள்ளேயிருந்து கசிவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பங்கு பிரிக்கும் வழிகள்

டம்மி போட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால்தான் ரிங் எப்படி நிலைக்கிறது என்று புரியும். சிலருக்குக் கையில் ரொக்கம். அது நம் கண்ணில் படாது. சிலருக்கு அடுத்த முறை. வருடத்துக்கு ஆறு டெண்டர், மூன்று கம்பெனி, ஆளுக்கு இரண்டு. இதைக் காண ஒரு டெண்டர் கோப்பு போதாது, ஐந்து வருடக் கோப்பு வேண்டும். வரிசையில் டெண்டர், நெடுக்கில் கம்பெனி, கட்டத்தில் எல்-1, எல்-2, வரவில்லை என்று எழுதினால் சுழற்சி தானாகத் தெரியும்.

அமெரிக்காவில் 1950களில் மின்சார இயந்திரம் செய்த பெரிய நிறுவனங்கள், ஜெனரல் எலக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் உட்பட, சீல் வைத்த டெண்டர்களில் யார் குறைவாகப் போட வேண்டும் என்பதை ஒரு சுழற்சி அட்டவணைப்படி நடத்தின. அதற்கு அவர்களுக்குள் வைத்த பெயர் 'நிலவின் பிறை'. அரசு மின் நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்கு வந்த கவர்களில் கடைசிக் காசு வரை ஒரே விலை இருந்ததுதான் விசாரணைக்கு வழி திறந்தது. 1961-ல் ஏழு அதிகாரிகள் முப்பது நாள் சிறைக்குப் போனார்கள்.

துணை ஒப்பந்தம் இன்னொரு வழி. தோற்றவர் பொருளை ஜெயித்தவருக்கு விற்பார், அல்லது வேலையில் பாதியை எடுத்துச் செய்வார். டெண்டர் குழு கோப்பை மூடியபின் நடப்பது என்பதால் இதை யாரும் பார்ப்பதில்லை. பொருள் வரும்போது, சரக்கோடு வரும் ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில்லைப் பாருங்கள். 'சரக்கு புறப்பட்ட இடம்' என்ற வரியில் எல்-3ன் குடோன் முகவரி இருந்தால் பில்லை நகலெடுத்து டெண்டர் கோப்பில் சேருங்கள். ஸ்டோர் பிரிவும் கொள்முதல் பிரிவும் பேசிக்கொள்ளாத அலுவலகங்களில் இந்தச் சாட்சி வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும்.

இருப்பதிலேயே துணிச்சலான வழி, ஜெயித்த பிறகு விலகிக்கொள்வது. எல்-1 விலை 98 லட்சம், எல்-2 விலை 1 கோடியே 9 லட்சம். பிணை வைப்பு, அதாவது இ.எம்.டி., 1 லட்சம். எல்-1 "எங்களால் செய்ய முடியாத நிலை" என்று ஒரு கடிதம் எழுதி விலகுகிறார். இ.எம்.டி. பறிபோகிறது. வேலை அவசரம் என்று எல்-2வுக்குக் கொடுத்தால் அவர்களுக்கு 11 லட்சம் கூடுதல், 1 லட்சம் நஷ்டம், பத்து லட்சம் பிரிக்கக் கிடைக்கிறது. மத்திய கண்காணிப்பு ஆணையம் எல்-1 விலகினால் மறுடெண்டர் விடச் சொல்வது இதனால்தான். அவசரம் என்ற சொல் கோப்பில் வரும்போதெல்லாம் யாருக்கு அவசரம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

காகிதம் சொல்வது

விலை சந்தேகத்தைத்தான் கொடுக்கும். சாட்சி காகிதத்தில் இருக்கிறது. கவர் முறையாக இருந்தால் முதலில் இ.எம்.டி.க்காகக் கொடுத்த டி.டி.க்களை (வங்கி வரைவோலை) வரிசையாக வைத்து எண்ணைப் பாருங்கள். மூன்று போட்டியாளர்கள் ஒரே கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் டி.டி. எடுத்திருந்தால் பணம் கட்டியது ஒருவர். வங்கிக்கு எழுதிக் கேட்டால் யார் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். உறுதிமொழிப் பத்திரம் இருந்தால் முத்திரைத்தாளின் எண்ணும், விற்ற தேதியும், விற்பனையாளர் பெயரும், நோட்டரி சீலும். கவரின் மேல் ஒட்டிய கூரியர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், மூன்றையும் அனுப்பியவர் ஒரே கவுண்டரில் நின்றிருப்பார்.

இணையவழி டெண்டரில் கூரியர் சீட்டு இல்லை, ஆனால் இன்னும் நல்லது இருக்கிறது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்பதைத் தளத்தை நடத்துபவர்களிடம் எழுதிக் கேட்கலாம். கடைசி நாள் மாலை 5.12, 5.19, 5.31 என்று ஒரே முகவரியிலிருந்து மூன்று பேர் ஏற்றியிருப்பது அடிக்கடி நடக்கும். பொது பிரவுசிங் சென்டரில் ஏற்றினோம் என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம், சின்ன ஒப்பந்தக்காரர்கள் பலருக்கு ஒரே சென்டர்காரர்தான் எல்லா டெண்டரும் ஏற்றிக் கொடுக்கிறார். அதனால் ஐ.பி. ஒன்று என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. பி.டி.எஃப். கோப்பின் பண்புகளைத் திறந்தால் (அடோபி ரீடரில் கன்ட்ரோல்-டி) உருவாக்கியவர் பெயர், உருவாக்கிய நேரம் இரண்டும் தெரியும். 'ஏ' கம்பெனியின் கடிதத்தில் உருவாக்கியவர் 'பி' கம்பெனியின் கணக்காளர் என்று இருந்தால் அதை பிரவுசிங் சென்டர் விளக்காது.

ஜி.எஸ்.டி. எண்ணைப் படிக்கத் தெரிந்திருந்தால் இன்னும் சில முகமூடிகள் கழன்றுவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்தும் பான் எண். கடைப் பெயர் வேறாக இருந்து நடுவில் உள்ள பத்து எழுத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டு கடையும் ஒரே ஆள். பானில் நான்காவது எழுத்து பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு நிறுவனம், சி என்றால் கம்பெனி. ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர் வரும், காசு கட்ட வேண்டியதில்லை. கம்பெனியாக இருந்தால் இயக்குநர் பெயர்களைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ஒப்பிடலாம். ஒரே குடும்பம் இரண்டு கம்பெனி வைத்திருப்பது குற்றமில்லை. இரண்டும் ஒரே டெண்டரில் போட்டியாளர்களாக வந்து நிற்பதுதான் கேள்வி. அதைத் தடுக்க டெண்டர் நிபந்தனையில் முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், பிறகு கண்டுபிடித்துப் புலம்பிப் பயனில்லை.

ஒரே விலை, இரண்டு தீர்ப்பு

எல்லோரும் ஒரே விலை போட்டிருந்தால் அது போதாதா என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வோம்.

முதலாவது, தானியக் கிடங்கில் பூச்சி விழாமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. இந்திய உணவுக் கழகம் 2009-ல் விட்ட டெண்டரில் எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் என்ற மூன்று நிறுவனங்களும் கிலோவுக்கு 388 ரூபாய் என்று எழுதியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இதே போல ஒரே விலை பலமுறை வந்திருந்தது. கழகத்தின் தலைவரே இந்தியப் போட்டி ஆணையத்துக்கு 2011-ல் கடிதம் எழுதினார். உற்பத்திச் செலவு மூவருக்கும் வேறு, விலை மட்டும் எப்படி ஒன்று என்பதற்கு நிறுவனங்களிடம் பதில் இல்லை. 2012-ல் ஆணையம் அபராதம் போட்டது, 2017-ல் உச்ச நீதிமன்றம் கூட்டுச்சதி நடந்தது என்பதை உறுதி செய்தது. அபராதத்தைக் கம்பெனியின் மொத்த விற்பனையில் கணக்கிடாமல் அந்தப் பொருளின் விற்பனையில் கணக்கிட வேண்டும் என்று மட்டும் சொன்னது.

இரண்டாவது, சமையல் எரிவாயு உருளை. இந்தியன் ஆயில் 2010-ல் 14.2 கிலோ உருளைகளுக்கு விட்ட டெண்டரில் பல நிறுவனங்கள் மாநிலத்துக்கு மாநிலம் ஒரே விலையோ, ஒட்டிய விலையோ போட்டிருந்தன. கவர் போடுவதற்கு முந்தைய இரண்டு நாள் மும்பையில் ஒரு ஹோட்டலில் அவர்கள் கூடியதற்கும் ஆதாரம் இருந்தது. 2012-ல் 45 நிறுவனங்களுக்கு ஆணையம் அபராதம் விதித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உருளையை வாங்க நாட்டில் மூன்று எண்ணெய் நிறுவனங்களைத் தவிர ஆளில்லை. பழைய விலை எல்லோருக்கும் தெரியும். பேரம் பேசி விலையை முடிவு செய்வது வாங்குபவர். ஆர்டரும் பலருக்குப் பிரித்துத்தான் கொடுக்கப்படும். இப்படிப்பட்ட சந்தையில் பேசிக்கொள்ளாமலே எல்லோரும் ஒரே விலைக்கு வந்து சேர முடியும் என்றது நீதிமன்றம்.

இரண்டாவது தீர்ப்பைக் கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். அங்கே கேள்விக்குள்ளானது வாங்குபவர் டெண்டரை வடிவமைத்த விதமும்தான். எல்-1 விலைக்கு ஒத்துக்கொண்டால் எல்-2, எல்-3, எல்-10 வரை எல்லோருக்கும் கொஞ்சம் ஆர்டர் உண்டு என்று நிபந்தனை வைத்துவிட்டால் விலையைக் குறைக்க யாருக்கு என்ன காரணம் இருக்கிறது? குறைத்தவருக்கும் பங்குதான், குறைக்காதவருக்கும் பங்குதான். ஒரே சப்ளையரை நம்பியிருக்கக் கூடாது என்பது நியாயமான பயம். அப்படியானால் எல்-1க்கு அறுபது, எல்-2க்கு நாற்பது என்று முன்கூட்டியே அறிவித்து, ஐந்து பேர் வந்தால் மூன்று பேர் வெறுங்கையோடு போகும்படி வைக்க வேண்டும்.

நாமே கட்டிக் கொடுக்கும் மேடை

ஐந்து சப்ளையர்கள் இருக்கும் ஊரில் வேலையை ஐந்து சம பாகமாகப் பிரித்து ஒரே நாளில் டெண்டர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் யாரையும் கூப்பிட்டுப் பேசக்கூடத் தேவையில்லை, எண்ணிக்கையே பேசிவிடும். ஐந்தை மூன்றாகவோ நான்காகவோ, அளவிலும் ஏற்றத்தாழ்வாகப் பிரித்தால் யாருக்கு எது என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும்.

டெண்டருக்கு முந்தைய கூட்டம் இன்னொன்று. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிய வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விடுகிறோம். யார் யார் போட்டிக்கு வருகிறார்கள் என்ற பட்டியலை இதைவிட வசதியாக யாரும் கொடுக்க முடியாது. கேள்விகளை மின்னஞ்சலில் வாங்கி, கேட்டவர் பெயரில்லாமல் எல்லோருக்கும் பதில் போட்டால் போதும். இடத்தைப் பார்க்க வேண்டிய வேலை என்றால் தனித்தனி நேரம் கொடுங்கள்.

தகுதி நிபந்தனைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது. ஆண்டு விற்பனை இவ்வளவு, இதே போன்ற வேலை மூன்று, அதுவும் இந்தத் துறையில் மட்டும் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு வரி சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் தகுதி உள்ளவர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே சங்கத்தில் நிர்வாகிகள். நிபந்தனையை எழுதிய கையோடு, இதற்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்று எண்ணி ஒரு குறிப்பு கோப்பில் வையுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் எந்த வரியை எடுக்கலாம் என்று பாருங்கள்.

கால அவகாசமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1998-ம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்கச் சொல்கின்றன. அதைச் சுருக்க மேலதிகாரி ஒப்புதல் வாங்கினால் வெளியூர்க்காரர் வரமாட்டார். முன்கூட்டியே சேதி தெரிந்த உள்ளூர்க்காரர் மட்டும் தயாராக இருப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கவரைப் பிரித்து எல்லோர் விலையையும் எல்லோர் முன்னும் உரக்கப் படிப்பது ஊழலைத் தடுக்கும். அதுவே ரிங்குக்கும் உதவும். பேசியபடி விலை போட்டாரா, ஏமாற்றிக் குறைத்துவிட்டாரா என்று அவர்கள் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்வது அந்த அறையில்தான். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கிடையாது. சட்டம் படிக்கச் சொல்கிறது, படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் வடிவமைப்பில்தான் கவனம் வைக்க வேண்டியிருக்கிறது.

சந்தேகம் வந்தபின்

முதல் தவறு, போட்டியாளர்களைக் கூப்பிட்டு "என்ன ரிங்கா?" என்று கேட்பது. அன்று மாலையே வாட்ஸ்அப் குழு காணாமல் போகும். விலகிய தொனியில் இரண்டு கடிதங்கள் வந்து சேரும், பழைய லெட்டர்பேடெல்லாம் அடுப்புக்குப் போகும். இரண்டாவது தவறு, குழுவில் பேசிவிட்டு எழுதாமல் விடுவது. பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள்: எந்த ஐட்டங்களில் என்ன விகிதம், எந்த டி.டி. எண், யார் கவர் கொண்டுவந்து கொடுத்தார். 'ரிங்' என்ற சொல்லை எழுத வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கள். கவர், கூரியர் சீட்டு, சர்வர் பதிவு எல்லாவற்றையும் தனி உறையில் சீல் வைத்துப் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள்.

பிறகு போட்டி ஆணையம். 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 3-வது பிரிவு கூட்டுச்சதியைத் தடுக்கிறது, 2009 மே 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தனிநபரோ சங்கமோ 19-வது பிரிவின் கீழ் தகவல் கொடுக்கலாம், அரசும் சட்டப்படி அமைந்த அமைப்புகளும் பரிந்துரையாக அனுப்பலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம். ஆணையத்துக்குச் சென்னையில் மண்டல அலுவலகமும் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் கூட்டுச்சதிக்கு ஜெயில் கிடையாது, அபராதம்தான். ஆனால் அந்தத் தொகை வலிக்கும்: லாபத்தின் மூன்று மடங்கு, அல்லது விற்பனையில் பத்து சதவீதம், சதி நீடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும், இரண்டில் எது அதிகமோ அது வரை. நிறுவனத்தை நடத்தியவர்களுக்கும் தனியாக உண்டு.

ரிங்கை உடைக்கும் கோடரி அதே சட்டத்தின் 46-வது பிரிவில் இருக்கிறது. முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு நூறு சதவீதம் வரை அபராதத் தள்ளுபடி. ரயில்வேக்கு மின்விசிறி விற்ற மூன்று நிறுவனங்களின் வழக்கில் 2017 ஜனவரியில் முதன்முறையாக ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு உலர் மின்கல வழக்கு. பானசோனிக் முதலில் போய்ச் சொல்லி முழுத் தள்ளுபடி பெற்றது. எவரெடிக்கு 171.55 கோடி, சென்னையைச் சேர்ந்த நிப்போ நிறுவனத்துக்கு 42.26 கோடி. மூவரும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே கதைதான், யார் முதலில் சொன்னார் என்பதில்தான் அத்தனை கோடியும் நின்றது. இந்த விதியை டெண்டர் நிபந்தனையிலேயே இரண்டு வரியில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். ரிங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்.

சப்போர்ட் கொட்டேஷன் கொடுக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. காசு வாங்கவில்லை, நட்புக்குச் சீல் போட்டேன் என்பது சட்டத்தில் விலக்கு ஆகாது. புனே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் டெண்டர் வழக்கில் டம்மி போட்டவர்களும் சேர்ந்தேதான் மாட்டினார்கள்.

எல்லாம் முடிந்து மறுடெண்டர் விடும்போது பழைய நிபந்தனையையே தேதி மாற்றிப் போடாதீர்கள். அளவையோ, பாகத்தையோ, காலத்தையோ, ஒன்றையாவது மாற்றுங்கள். மாற்றாமல் விட்டுவிட்டீர்கள் என்றால், அப்போதும் ஒரு சோதனை கையில் மிஞ்சும். ஜப்பானில் பொதுப்பணி டெண்டரில் ஓர் இரகசிய உச்ச விலை வைத்திருப்பார்கள். யாரும் அதற்குக் கீழே வரவில்லை என்றால் அதே ஆட்களிடம் உடனே மறுபடி விலை கேட்பார்கள். ஆயிரக்கணக்கான டெண்டர்களை ஆராய்ந்தபோது, முதல் சுற்றில் எல்-1 ஆக இருந்தவரே இரண்டாம் சுற்றிலும் எல்-1 ஆக வந்தது 95 சதவீதத்துக்கும் மேல். முதல் சுற்றில் எல்-1க்கும் எல்-2க்கும் மயிரிழை வித்தியாசம் இருந்த இடங்களிலும் அப்படியே. எல்-2வும் எல்-3யும் அதே அளவு நெருங்கியிருந்த இடங்களில் அவர்களுக்குள் இடம் சகஜமாக மாறியது. தோற்பவர்களில் யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று பேசி வைத்துக்கொள்ள யாருக்கும் தேவை இருக்கவில்லை. உங்கள் பழைய கோப்பையும் மறுடெண்டர் கோப்பையும் அருகருகே வைத்து முதல் மூன்று பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள்.